பெட்ரோல் ஃபில்டரும் மரப்பட்டைத் துணியும்

கம்பாலா
10 மே 1999

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் ரெஸ்தியும் நலமாக இருப்பதாக மசாக்கா பஸ் கண்டக்டர் சொன்னார். அவளுடைய கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று அவரிடம் கேட்க முடியாது. அதை அவளே எழுதட்டும்.

இந்தக் கடிதம் உங்கள் கடைக்கு. மருமகனாக எழுதவில்லை, வாடிக்கைக்காரனாக எழுதுகிறேன். நான் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் மாமியார்-மருமகன் வழக்கப்படி கதவுக்குப் பின்னால் முகம் காட்டாமல் நின்று, நடுவில் உங்கள் பெண்ணை, பிள்ளைத்தாய்ச்சியை, நிறுத்தி ஒரு ஸ்பேர் பார்ட்டை விளக்குவதென்றால் பொழுது போய்விடும்.

நான் வாங்கிய வண்டியைப் பற்றி ரெஸ்தி சொல்லியிருப்பாள். நல்லபடியாகச் சொல்லியிருக்க மாட்டாள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற பழைய ஜப்பான் வண்டி. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தரையோடு தரையாகப் பாய்ந்து போகும். அதாவது, போன மாதம்வரை போனது. இப்போது மேடு ஏறும்போது திக்குகிறது. எம்பிகி மேட்டில் நின்றேவிட்டது. பின்னால் வந்த மினிபஸ்காரர்கள் என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை உங்களுக்கு எழுத முடியாது. அந்த மினிபஸ்களில் பாதிக்குப் பின்கண்ணாடியில் சாமி வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

பெட்ரோல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று இங்குள்ள மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மாற்ற ஒருவரும் தயாராக இல்லை. எஞ்சினுக்கும் இருக்கைச் சுவருக்கும் இடையில், கியர் பாக்ஸுக்கு மேலே, இருட்டுக்குள் இருக்கிறது. மேலிருந்தும் கை போகாது. கீழிருந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையை விட்ட இரண்டு பேரும் தோல் உரிந்து வெளியே எடுத்தார்கள்.

ஃபில்டரின் எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கம்பாலா முழுக்கத் தேடிவிட்டேன். உங்களிடம் இருக்குமா?

தங்கள் மருமகன்
அக்கிலியோ முத்யாபா

*

மசாக்கா
17 மே 1999

மாப்பிள்ளைக்கு,

ஃபில்டர் இருக்கிறது. என் கணவர் இருந்தபோது வேறு எதற்கோ ஆர்டர் கொடுத்து, தவறி வந்த பெட்டியில் கிடந்தது. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்பவர் என் வீட்டுக்குள்ளேயே வருவார் என்று நினைக்கவில்லை.

குழந்தை வரப்போகிற வீட்டுக்கு இரண்டு இருக்கை வண்டி வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மாமியாராக இனியும் பார்க்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

இதைக் கேளுங்கள். வேலை தொடங்குமுன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் பைப்பில் நிற்கும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கீழ்ப்பக்க நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் ஃபில்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரை வைத்து வீரம் காட்டினால் பைப் முறுக்கிக்கொண்டு உடையும், பிறகு வண்டியைக் கோழிக்கூடாக வைத்துக்கொள்ளலாம். மேல்பக்கத்துக்குத் தாமிர வாஷர் புதிதாகப் போட வேண்டும். நூலில் கோத்து ஃபில்டரோடு வைத்திருக்கிறேன்.

இதைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் வழியில் தொலையும். ஜூன் மூன்றாம் தேதி தியாகிகள் திருநாளுக்கு லீவுதானே, வண்டியை எப்படியாவது உருட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். நம் மெக்கானிக் சலோங்கோ என் கொல்லையில் வைத்து மாற்றிக் கொடுப்பார். ரெஸ்தியையும் பார்த்ததாக இருக்கும். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. நர்ஸ் உப்பைக் குறைக்கச் சொன்னாள். உங்கள் பெண்டாட்டி என் குழம்பைக் குறை சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

நலுமான்சி

*

கம்பாலா, மருத்துவமனை
4 ஜூன் 1999

அத்தை,

ரெஸ்தி உயிரோடு இருக்கிறாள். குழந்தையும் இருக்கிறது. பெண். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாக எழுதுகிறேன்.

நேற்று ரெஸ்தியை ஏற்றிக்கொண்டு நான் வண்டியைக் கிளப்பிப் போனபோது நீங்கள் கொல்லைக் கதவருகே நின்றது கண்ணாடியில் தெரிந்தது. மூன்றாவது இருக்கை இல்லை. அதை நினைத்து நினைத்து இந்த வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறேன்.

மிஷன் மருத்துவமனையில் நர்ஸ் ரெஸ்தியின் கண்ணைப் பார்த்தாள், ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், உடனே ஓர் ஊசி போட்டாள். அவர்களுடைய வண்டியும் திருநாள் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நமுகோங்கோ கோவிலுக்குப் போயிருந்தது. "இங்க நிக்காதீங்க, கம்பாலாவுக்கு ஓட்டுங்க" என்றாள். கூட வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

லுக்காயா தாண்டும்போது ரெஸ்திக்கு வலிப்பு வந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. செத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். சாலையோரம் வாழைக்காய் சுட்டு விற்கும் ஒரு பெண் ஓடிவந்து இருக்கையைச் சாய்த்து, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, "இப்ப ஓட்டுப்பா" என்றாள். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அங்கிருந்து ஒரு கையால் ரெஸ்தியின் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டினேன். எம்பிகி மேட்டில் ஆயிரக்கணக்கில் யாத்திரைக்காரர்கள் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஹாரனை அழுத்திய விரலை எடுக்கவேயில்லை. வண்டி ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ரெஸ்தி இன்னும் கண் திறக்கவில்லை. என் மேல் பெட்ரோல் வாடை அடிக்கிறதென்று என்னை வார்டுக்குள் விட மறுத்தார்கள். இரண்டு தடவை குளித்துவிட்டேன். இன்னும் போகவில்லை.

கொல்லையில் நடந்ததைப் பற்றி எழுதவில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அக்கிலியோ

*

மசாக்கா
5 ஜூன் 1999

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போனதிலிருந்து நான் பஸ் நிலையத்தை விட்டு நகரவில்லை. கம்பாலாவிலிருந்து வந்த ஒவ்வொரு கண்டக்டரிடமும், வழியில் சிவப்பு வண்டி ஏதாவது கவிழ்ந்து கிடந்ததா என்று கேட்டேன். இல்லை என்று சொன்னவர்களை நம்பவும் இல்லை. உங்கள் கடிதத்தை வாங்கியதும் முதல் வரியைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீதியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

நான் அங்கே வரவில்லை. வந்தால் வழக்கப்படி நீங்கள் வார்டை விட்டு வெளியே நிற்க வேண்டியிருக்கும். அவள் கண் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ரெஸ்தியின் அப்பாவோடு பிறந்த என் நாத்தனார் கௌதென்சியா நாளை வருவாள். அவளிடம் துணிமணியும் நெய்யும் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். அன்று நடந்தது இவ்வளவுதான்: சலோங்கோ யாத்திரைக்குக் கிளம்புமுன் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார். நீங்கள் வண்டியை ஓட்டிப் போனீர்கள். சலோங்கோவிடம் பேசிவிட்டேன். கை நுழையவில்லை என்று பாதியில் விட்டுப் போனவருக்கு இதில் பெருமைதான்.

கொல்லையில் வேறு யாரும் இல்லை. நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். யார் கேட்டாலும், என் நாத்தனார் கேட்டாலும், அதுதான்.

என் கையில் வெட்டு ஆறி வருகிறது. கழுத்தில் பெட்ரோல் பட்ட இடம் கொப்பளித்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

நலுமான்சி

*

கம்பாலா
12 ஜூன் 1999

அத்தை,

ரெஸ்தி கண் திறந்துவிட்டாள். பேசுகிறாள், ஆனால் அன்று காலையில் தலைவலி தொடங்கியதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்கிறாள்.

இனி எழுதப்போவதை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள்.

குழந்தையின் கைகால் நடுங்குகிறது. சின்ன விரல்கள் காற்றில் பட்டம்போல ஆடுகின்றன. நான் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். என் கையும் ஆடியது. அது முந்தாநாளே தொடங்கியிருந்தது. தூக்கம் இல்லாததால் என்று விட்டுவிட்டேன். ஒரு மினிபஸ்ஸில் எழுதப் போனேன். தூரிகை என் சொல் கேட்கவில்லை. பஸ் முதலாளி எழுத்தைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறேனா என்று கேட்டார்.

குழந்தையின் கையையும் என் கையையும் ரெஸ்தியின் செங்கா, அவளுடைய அப்பாவழி அத்தை கௌதென்சியா, பார்த்துவிட்டார். குழந்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "உங்க கை எதத் தொட்டுச்சு ஐயா? ஒளிக்காம சொல்லுங்க. இது உங்க புள்ள."

சொல்லிவிட்டேன், அத்தை. சலோங்கோ என்று தொடங்கினேன், நாக்கு திரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வண்டி கிடைக்காமல் மெயின் ரோட்டிலிருந்து ஓடி வந்தபோது, திறந்திருந்த எஞ்சின் மூடியின் மேல் உங்கள் உடுப்பு தொங்கியதைச் சொன்னேன். யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததைச் சொன்னேன். பிறகு வண்டிக்கு அடியில் இரண்டு பாதங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடப் போனதைச் சொன்னேன். அப்போது நீங்கள் சொன்னதையும் அப்படியே சொன்னேன்: "மாப்பிள்ளை, ஓடிராதீங்க. கண்ண மூடிக்கிட்டு உள்ள வாங்க. பெரிய ஸ்பேனரால ஃபில்டரப் புடிங்க, நான் நட்டத் திருப்புறேன். எனக்கு ரெண்டு கை பத்தல."

கண்ணை மூடிக்கொண்டுதான் ஊர்ந்து வந்தேன். ஸ்பேனரைத் தேடித் தடவியபோது முதலில் கிடைத்தது உங்கள் மணிக்கட்டு. பிறகு பெட்ரோல் சட்டைக்குள் வழிந்தது, ஸ்பேனர் நழுவியது, நீங்கள் வலியில் கத்தினீர்கள். கண்ணைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன் என்று செங்காவிடம் சொல்லியிருக்கலாம். மூடவில்லை. நட் உட்காரும்வரை திறந்தே வைத்திருந்தேன். அகலக் கை வைத்த அந்த உடுப்போடு நீங்கள் அங்கே நுழைந்திருக்க முடியாது. உள்பாவாடையோடு, பெட்ரோலில் நனைந்து கிடந்தீர்கள். பார்த்தேன் என்று சொன்னேன்.

செங்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாமியாரின் உடம்பைப் பார்த்த மருமகனுக்குத்தான் இந்த நடுக்கம் வரும், அவன் வீட்டில் பிறக்கும் குழந்தையையும் அது பிடிக்கும் என்கிறார். பார்த்ததை மூடுவதற்கு உங்களுக்கு ஒரு மரப்பட்டைத் துணி அனுப்ப வேண்டும், நீங்கள் அதைப் பெண்கள் முன்னால் வாங்கிப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்கிறார்.

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். இதையெல்லாம் நம்புகிறேனா என்று என்னையே கேட்டேன். ஆனால் குழந்தையின் கை ஆடுகிறது. அனுப்ப அனுமதி கொடுங்கள்.

அக்கிலியோ

*

மசாக்கா
14 ஜூன் 1999

மாப்பிள்ளைக்கு,

உங்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கௌதென்சியா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மார்க்கெட்டுக்குத்தான் போயிருக்கிறாள். காலையில் கடை திறந்தபோது எதிர்க்கடைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பல வருடமாக என்னிடம் பிரேக் ஷூ வாங்குகிற ஒருவர் மிச்சக் காசைக் கையில் வாங்காமல் மேஜைமேல் வைக்கச் சொன்னார். கோவிலில் நான் போய் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. சலோங்கோ வந்து கத்திவிட்டுப் போனார். ஃபில்டரை மாற்றியதற்காக ஊரெல்லாம் வாழ்த்து வாங்கி வைத்திருந்தவரை நீங்கள் பொய்யராக்கிவிட்டீர்கள்.

நான் விதவை. ஆண்கள் வந்துபோகும் கடையை ஒற்றையாக நடத்துகிறேன். இந்த ஊர் என்னைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தைகூடக் கிடைக்காதபடி இருந்திருக்கிறேன். அதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது என் உள்பாவாடை என்ன நிறம் என்று மீன் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

துணி அனுப்பாதீர்கள். வாங்கிப் போர்த்தினால் மூட வேண்டிய காரியம் ஒன்று நடந்தது என்று நானே ஒத்துக்கொண்டதாகும். நான் ஃபில்டர் மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை.

குழந்தை நடுங்குவது மாதம் நிறையாமல் பிறந்ததால். ரெஸ்தியும் அப்படித்தான் நடுங்கினாள். நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கௌதென்சியாவைக் கேளுங்கள். அவளிடம்தான் எல்லாம் சொல்கிறீர்களே.

நலுமான்சி

*

கம்பாலா
19 ஜூன் 1999

அத்தை,

உங்கள் கடிதத்தை ரெஸ்தி படித்துவிட்டாள். என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். முந்தைய கடிதங்களையும் கேட்டு வாங்கிப் படித்தாள். நாம் இருவரும் எதை அவளிடம் மறைத்தோமோ அதை அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வண்டிக்கு அடியில் போனது அவளுக்கு அதுவரை தெரியாது. பெட்ரோல் வாடை எங்கிருந்து வந்தது என்றுகூட அவள் கேட்டதில்லை.

கடிதங்களை மடித்து மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்து என் உசுரக் காப்பாத்திட்டு, எதையோ திருடுனவங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில ஒளிஞ்சிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அம்மாவ அந்தத் துணிய வாங்கிக்கச் சொல்லுங்க. நான் நம்புறேன்னு இல்ல. எம் புள்ள கை ஆடுறதப் பாத்துக்கிட்டே என்னால நியாயம் பேச முடியாது. எனக்காக வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை குறைவாம். குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். நேற்றிலிருந்து நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. துணியை நான் வாங்கி வைத்துவிட்டதால்தான் குறைந்தது என்கிறார், மறுபடி இங்கே வந்திருக்கும் செங்கா. துணி இன்னும் கம்பாலாவை விட்டே கிளம்பவில்லை. அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. என் கையைப் பார்த்த டாக்டர், பயங்கரமாகப் பயந்தவர்களுக்கு இப்படி ஆகும், போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். துணி செங்காவோடு வருகிறது. நல்ல துணி, செம்மண் நிறம், ஒட்டு இல்லாதது. திருப்பி அனுப்பினாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ரெஸ்திக்குப் பயந்துதான் அனுப்புகிறேன் என்றும் சொல்லலாம்.

உங்களை ஊர் வாயில் போட்டவன் நான். அதற்குத் துணி போதாது என்று தெரியும்.

அக்கிலியோ

*

மசாக்கா
25 ஜூன் 1999

மாப்பிள்ளைக்கு,

துணியை வாங்கிக்கொண்டேன்.

என் நாத்தனார் மார்க்கெட்டில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டியிருந்தது. கௌதென்சியா துணியை உதறி என் தோளில் போட்டாள். யாராவது சிரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மீன்காரிதான் கேட்டாள், "அந்த எடத்துல எப்படி அம்மா கைய விட்டீங்க?" என்று. முழங்கைவரை இருக்கிற காயத்தைக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போது அழுதுவிட்டேன். வெட்கத்தில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அது இல்லை. யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று நீங்கள் ரோட்டுக்கு ஓடிய பிறகு, ரெஸ்தி உள்ளே முனகிக்கொண்டிருந்தாள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டேதான் அடியில் நுழைந்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றி எடுத்துவிட்டேன். புதியதைத் தூக்கி வைத்து, வாயில் கவ்வியிருந்த வாஷரைப் போட்டு மேல்பக்கத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது முனகல் நின்றுவிட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. என் பிள்ளை செத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் கையை எடுத்தால் ஃபில்டர் விழுந்துவிடும், திரும்ப நுழைக்க நேரம் இருக்காது. அவள் உயிரோடு இருந்தால் வண்டி வேண்டும். செத்திருந்தால் நான் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. இப்படிக் கணக்குப் போட்டேன், மாப்பிள்ளை. ஒரு தாய் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டாள். போட்டுவிட்டு நட்டைத் தேடினேன். அப்போதுதான் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது.

நீங்கள் என்னை எந்தக் கோலத்தில் பார்த்தீர்கள் என்பது அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊருக்கு அது புரியாது. உங்களுக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

இனி வேறு விஷயம். என் பேத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போங்கள். பஸ்ஸில் வர மாட்டேன். ஆமாம், பக்கத்து இருக்கையில்தான். நீங்கள் திகைப்பது தெரிகிறது. கௌதென்சியாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கிண்ணம் விழுந்து உடைந்தது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மூடுவதற்குத் துணி கொடுத்தாயிற்று, ஊர் பார்க்க நான் போர்த்திக்கொண்டும் ஆயிற்று. அந்தத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வருவேன். அதற்குமேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வழக்கம் உடைகிறது என்று யாருக்காவது தோன்றினால் எந்த இடத்தில் என்று அவர்கள் காட்டட்டும்.

வண்டியைக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். கொல்லைப் பக்கம் வேண்டாம்.

நலுமான்சி

*

கம்பாலா, என் பட்டறை
28 ஜூன் 1999

அத்தை,

நீங்கள் வீட்டில் இருக்கும்வரை நான் பட்டறையில் படுத்துக்கொள்வதுதான் முறை. ஆகவே இதை ஒரு கூலிக்காரர் கையில் கொடுத்து, நாலு தெரு தள்ளியிருக்கும் உங்களுக்கு அனுப்புகிறேன்.

நேற்று மசாக்காவிலிருந்து கம்பாலாவரை நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் இதை வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைக்கு முன்னால் நான் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றபோது மார்க்கெட் முழுவதும் எழுந்து நின்றது. மீன்காரி தராசைக் கையில் பிடித்தபடி நின்றாள். நீங்கள் அந்தச் செம்மண் துணியோடு குனிந்து ஏறி உட்கார்ந்தீர்கள். என் கை ஸ்டீயரிங்கில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் பார்க்க முதல் கியர் விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

லுக்காயாவில், ரெஸ்திக்கு வலிப்பு வந்த இடத்தை நான் காட்டவில்லை. ஆனால் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது. நீங்கள் புரிந்துகொண்டீர்கள். துணிக்குள்ளிருந்து உங்கள் கை வெளியே வந்து முன்பலகையைப் பிடித்தது. அந்தக் கை நடுங்கியது, அத்தை. என் கையைப் போலவே. என் கையைவிட மோசமாக. உடனே உள்ளே இழுத்துக்கொண்டீர்கள்.

பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். இத்தனை கடிதத்திலும் இதை நீங்கள் எழுதவேயில்லையே.

அக்கிலியோ

*

28 ஜூன், பிற்பகல்

மாப்பிள்ளைக்கு,

பார்த்ததற்காக இன்னொரு துணி வாங்கிவிடாதீர்கள். எனக்கு ஒன்று போதும்.

அன்றிலிருந்தே நடுங்குகிறது. கடையில் கையை உடுப்பின் மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன். எழுதும்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கௌதென்சியாவுக்குத் தெரிந்தால், நீங்கள் தொட்டதால்தான் வந்தது என்று இன்னொரு கூட்டம் கூட்டுவாள், அதனால் எழுதவில்லை. வேறு காரணமும் இருந்தது. நீங்கள் ஒருவர் நடுங்குவதே ரெஸ்திக்குப் போதும் என்று நினைத்தேன்.

வேர்க்கடலைக் குழம்பும் மத்தோக்கே வாழைக்காய் மசியலும் வாழையிலையில் மூடி ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். சூடு ஆறுமுன் வாருங்கள். நான் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

கை ஆடுகிறது என்று பிறந்ததிலிருந்து குழந்தையை நீங்கள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்று ரெஸ்தி சொன்னாள். நான் காலையிலிருந்து தூக்கி வைத்திருக்கிறேன். இந்த ஆடுகிற கையில்தான். தொட்டிலில் போட்டால் அழுகிறாள். இதில் படுத்தால் தூங்கிவிடுகிறாள்.

நலுமான்சி